கடலில் நடந்ததைச் சொல்லும் கடமை: எக்ஸ்-பிரஸ் பேர்ல் தீர்ப்பும் நமது பொறுப்பும்

2025 ஜூலை 24ஆம் திகதி இலங்கை உயர் நீதிமன்றம் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் வழக்கில் தனது தீர்ப்பை வழங்கியது. பிரதம நீதியரசர் முர்து பெர்னாண்டோ தலைமையிலான ஐவர் அடங்கிய நீதியரசர்கள் குழாத்தின் அந்தத் தீர்ப்பு 361 பக்கங்களைக் கொண்டது. கப்பலுடன் தொடர்புடைய நிறுவனத் தரப்பினர் ஒரு பில்லியன் அமெரிக்க டொலரை ஒரு வருடத்துக்குள் நட்டஈடாகச் செலுத்த வேண்டும் என்பது அதன் பிரதான கட்டளை. முதற்கட்டமாக 250 மில்லியன் டொலரை 2025 செப்டம்பர் 23ஆம் திகதிக்கு முன்னர் செலுத்த வேண்டும் என்றும் கூறப்பட்டது.

பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அந்தத் தொகையைத் தலைப்பாக்கின. அது இயல்புதான். ஆனால் தொகையைவிடப் பெரிய ஒரு கேள்வி அந்த வழக்கின் அடியில் இருக்கிறது. நடுக்கடலில் ஒரு கப்பலில் ஆபத்து ஏற்பட்டால், அதை யார் யாரிடம் சொல்ல வேண்டும்? எப்போது சொல்ல வேண்டும்? சொல்லாமல் விட்டால் அதன் விளைவை யார் சுமக்க வேண்டும்?

2026 ஜனவரி 1ஆம் திகதி முதல் கடலில் விழும் கொள்கலன்களை அறிவிப்பது தொடர்பான புதிய சர்வதேச விதியும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆகவே இந்தக் கேள்வியைச் சற்று விரிவாகப் பார்ப்பது பொருத்தம் என நினைக்கிறோம். கப்பல் சட்டம் மார்க்க அறிஞர்களின் துறை இல்லையே எனச் சிலர் கேட்கலாம். அமானிதம், சாட்சியம், பிறருக்குத் தீங்கு, நட்டஈடு ஆகிய நான்கும் ஒரே இடத்தில் சந்திக்கும் விவகாரம் இது. இந்த நான்கும் பிக்ஹ் நூல்களில் தனித்தனி அத்தியாயங்களாக உள்ளவை.

நடந்தது என்ன?

எக்ஸ்-பிரஸ் பேர்ல் சிங்கப்பூர் கொடியின் கீழ் பதிவு செய்யப்பட்ட கப்பல். சீனாவில் கட்டப்பட்டு 2021 பெப்ரவரியில்தான் சேவைக்கு வந்தது. கொழும்புக்கு வந்தபோது அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றில் 81 கொள்கலன்கள் ஆபத்தான பொருட்கள் கொண்டவை. 25 தொன் நைத்திரிக் அமிலமும் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் துகள்களும் அந்தச் சரக்கில் அடங்கியிருந்தன.

அமிலம் ஏற்றப்பட்ட இடம் டுபாயின் ஜெபல் அலி துறைமுகம். 2021 மே 11ஆம் திகதி அளவிலேயே அந்த அமிலக் கொள்கலன் கசிவது கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கட்டாரின் ஹமாத் துறைமுகத்திலும் பின்னர் இந்தியாவின் குஜராத் மாநிலத்திலுள்ள ஹசிரா துறைமுகத்திலும் அந்தக் கொள்கலனை இறக்க அனுமதி கேட்கப்பட்டது. அதைக் கையாளும் வசதியும் நிபுணத்துவமும் தம்மிடம் இல்லை என இரு இடங்களிலும் மறுக்கப்பட்டது. கசியும் கொள்கலனோடு கப்பல் மே 19ஆம் திகதி இரவு கொழும்புக்கு அப்பால் வந்து சேர்ந்தது.

மறுநாள் புகை கிளம்பியது. மே 25ஆம் திகதி பெரும் வெடிப்பு ஏற்பட்டு, கப்பலிலிருந்த 25 பேரும் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் எரிந்த கப்பலை ஜூன் 2ஆம் திகதி ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது அதன் பின்பகுதி கடலடியில் தட்டியது. அங்கேயே அது மூழ்கியது.

அதன் பின்னர் நடந்தவை நாம் கண்ணால் கண்டவை. பாமுனுகம, சரக்குவ கரைகளில் மணலை மூடும் அளவுக்கு வெள்ளைத் துகள்கள் ஒதுங்கின. ஏறத்தாழ 80 கிலோமீற்றர் கரையோரத்தில் மீன்பிடி தடை செய்யப்பட்டது. மீன் வாங்கிச் சாப்பிடலாமா என்ற அச்சம் நாடு முழுவதும் பரவியது. கடலுக்கே போகாத மீன் வியாபாரியின் வீட்டிலும் அடுப்பெரியவில்லை. 417 ஆமைகளும் 48 டொல்பின்களும் 8 திமிங்கிலங்களும் இறந்ததாகத் தீர்ப்பில் குறிப்பிடப்பட்டுள்ளது.

கசிவு தெரிந்த நாளுக்கும் புகை கிளம்பிய நாளுக்கும் இடையில் ஏறத்தாழ ஒன்பது நாட்கள் இருந்தன. ஒன்பது நாட்கள் என்பது கப்பல் துறையில் நீண்ட காலம். கொழும்புக்கு முன்கூட்டியே முழு உண்மையும் சொல்லப்பட்டிருந்தால் என்ன செய்திருக்கலாம் என்பதை நிபுணர்கள் விவாதிக்கட்டும். ஆனால் கப்பலினதும் அதன் சரக்கினதும் நிலை பற்றிய உண்மையான தகவல் இலங்கை அதிகாரிகளுக்கு உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்பதே வழக்கின் மையம். கெப்டனுக்கும் உள்ளூர் முகவருக்கும் இடையே பரிமாறப்பட்ட மின்னஞ்சல்கள் அழிக்கப்பட்டதாக அரச தரப்புச் சட்டத்தரணி 2021 ஜூனில் நீதவான் நீதிமன்றில் தெரிவித்ததும் நினைவிருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

கடலில் நடப்பதை அறிவிக்கும் கடமை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்று இல்லை. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச சமவாயமான சோலாஸ், ஆபத்தான பொருட்கள் கடலில் விழுந்தாலோ விழக்கூடும் என்ற நிலை வந்தாலோ கெப்டன் தாமதமின்றி அருகிலுள்ள கரையோர நாட்டுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. கப்பல்களால் கடல் மாசடைவதைத் தடுக்கும் மார்போல் சமவாயமும் இதே கடமையைத் தனது முதலாவது நெறிமுறையில் விரிவாக விதிக்கிறது.

இதில் இரண்டு அம்சங்களை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

முதலாவது, நடந்து முடிந்த பின்னர் அறிவித்தால் போதும் என்று சட்டம் கூறவில்லை. நடக்கக்கூடும் என்ற நிலையிலேயே கடமை தொடங்குகிறது. 15 மீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட நீளமுள்ள கப்பலில் அதன் பாதுகாப்பைப் பாதிக்கும் பழுதோ தீயோ சேதமோ ஏற்பட்டால் அதுவும் அறிவிக்கப்பட வேண்டிய சம்பவமே.

இரண்டாவது, இந்தக் கடமை கெப்டனோடு முடிந்துவிடுவதில்லை. கப்பல் கைவிடப்பட்டாலோ கெப்டனிடமிருந்து வந்த அறிக்கை முழுமையற்றதாக இருந்தாலோ, உரிமையாளர், வாடகைக்கு எடுத்தவர், முகாமையாளர், இயக்குநர், அவர்களது முகவர் ஆகியோர் அந்தக் கடமையைத் தம்மால் இயன்ற முழு அளவில் ஏற்க வேண்டும் என மார்போல் நெறிமுறை கூறுகிறது. "கெப்டன் சொல்லவில்லை, எங்களுக்கு என்ன தெரியும்" என்று குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் இருந்துகொண்டு கூற முடியாது என்பதே இதன் பொருள்.

1998 முதல் கட்டாயமாக்கப்பட்ட ஐ.எஸ்.எம். எனும் பாதுகாப்பு முகாமைத்துவக் கோவையும் இதை உறுதி செய்கிறது. 1987இல் பெல்ஜியத்தின் சீபிரக் துறைமுகத்துக்கு அருகில் ஹெரால்ட் ஒப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். முன்புறக் கதவு மூடப்படாமலே கப்பல் புறப்பட்டிருந்தது. தவறு கப்பலில் மட்டுமன்றி நிறுவனத்தின் மேல்மட்டம் வரை இருந்தது என விசாரணை கண்டது. அந்தப் படிப்பினையிலிருந்து உருவான கோவைதான் இது. கப்பலில் நடக்கும் விபத்துகளும் ஆபத்தான சம்பவங்களும் நிறுவனத்துக்கு அறிக்கையிடப்பட வேண்டும். நிறுவனத்தின் உயர்மட்டத்தை நேரடியாக அணுகக்கூடிய ஒரு பொறுப்பாளர் கரையில் இருக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. எனவே இன்று எந்தக் கப்பல் நிறுவனமும் சட்டத்தின் பார்வையில் அறியாத தரப்பாக இருக்க முடியாது.

இனி 2026 ஜனவரி முதல் வந்துள்ள புதிய விதி. சோலாஸ் சமவாயத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கொள்கலன்களைக் கடலில் இழக்கும் கப்பலின் கெப்டன் அருகிலுள்ள கப்பல்களுக்கும் அருகிலுள்ள கரையோர நாட்டுக்கும் தனது கொடி நாட்டுக்கும் அறிவிக்க வேண்டும். கடலில் மிதக்கும் கொள்கலனைக் காணும் வேறு கப்பலின் கெப்டனும் அறிவிக்க வேண்டும். இது வரவேற்கத்தக்கது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த விதி 2021 மே மாதத்தில் இருந்திருந்தாலும் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கொழும்பை நெருங்கியபோது அது பொருந்தியிருக்காது. அப்போது ஒரு கொள்கலனும் கடலில் விழவில்லை. கசிவு கப்பலுக்குள்தான் இருந்தது.

இங்கேதான் இடைவெளி இருக்கிறது. "அமிலம் கப்பல் தளத்தில்தானே கசிகிறது, கடலில் இல்லையே" என்று வாதிட விரும்புபவருக்கு ஒரு சந்து கிடைத்துவிடுகிறது. அடுத்த துறைமுகத்துக்கு வரும் முன்னரே, சரக்கின் எந்தக் கசிவையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ஐயத்துக்கு இடமில்லாத ஒரு விதி தேவைப்படுகிறது.

உண்மை சொன்னவனுக்குக் கதவடைப்பு

நீதியாகப் பேசுவதென்றால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது ஸூரத்துல் மாஇதாவின் எட்டாவது வசனம் நமக்குத் தரும் கட்டளை.

ஹமாதிலும் ஹசிராவிலும் உண்மை சொல்லப்பட்டது. கிடைத்த பதில் மறுப்பு. ஒரு நாடு தனது துறைமுகத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஆபத்தை அடுத்த நாட்டுக்கு அனுப்பிவிட்டது. ஐக்கிய நாடுகள் கடல் சட்ட சமவாயத்தின் 198ஆவது உறுப்புரை, கடற்சூழலுக்கு உடனடி ஆபத்து இருப்பதை அறியும் நாடு, பாதிக்கப்படக்கூடிய ஏனைய நாடுகளுக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்கிறது. கசியும் கொள்கலனோடு ஒரு கப்பலைத் திருப்பி அனுப்பும் துறைமுகம் அடுத்த துறைமுகத்தை எச்சரிக்க வேண்டும் என்பது இந்த உறுப்புரையின் உணர்வுக்கு முற்றிலும் பொருத்தமானது. ஆனால் துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்கு அப்படிச் சொல்லும் வழக்கம் நடைமுறையில் பலவீனமாகவே இருக்கிறது.

ஆபத்தில் உள்ள கப்பலுக்குப் புகலிடம் தருவது பற்றி சர்வதேச கடல்சார் அமைப்பு 2003இலேயே வழிகாட்டல்களை வெளியிட்டது. அவை வழிகாட்டல்கள் மட்டுமே. எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தாதவை. ஆகவே உண்மையைச் சொன்னால் நுழைய விடமாட்டார்கள், மறைத்தால் நங்கூரமிடலாம் என்ற பாடத்தையே கடல் கெப்டன்களுக்குக் கற்பிக்கிறது.

கெப்டனின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். அவர் ஒரு சம்பளக்காரர். தாமதம் ஏற்பட்டால் நிறுவனம் கேள்வி கேட்கும். உண்மையைச் சொன்னால் துறைமுகம் தடுக்கும். விபத்து நடந்தால் கரையோர நாடு அவரைத்தான் முதலில் பிடிக்கும். எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலின் ரஷ்யக் கெப்டன் நாட்டை விட்டு வெளியேற முடியாதபடி தடுக்கப்பட்டார். 2020 செப்டம்பரில் அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டிக்கு அப்பால் நியூ டயமன்ட் எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தபோதும், அதன் கிரேக்கக் கெப்டனே கொழும்பு மேல் நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 12 மில்லியன் ரூபா தண்டம் செலுத்தினார். ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெயோடு வந்த கப்பல் அது. அல்லாஹ்வின் அருளால் அந்த எண்ணெய் கடலில் கலக்கவில்லை. கலந்திருந்தால் பொத்துவில் முதல் கல்முனை வரையான நமது கரையோர மக்களின் கதி என்னவாகியிருக்கும்?

கெப்டனுக்குப் பொறுப்பு இல்லை என்று நாம் கூறவில்லை. பிடிக்க எளிதானவரை மட்டும் பிடித்துவிட்டு, மௌனத்தால் இலாபம் அடைபவரை விட்டுவிடக் கூடாது என்றே கூறுகிறோம்.

நனைந்த தானியத்தின் படிப்பினை

ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்கும் பிரபலமான நபிமொழி ஒன்று உண்டு. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று விசாரித்தபோது, மழையில் நனைந்துவிட்டது என வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். மோசடி செய்பவருக்கும் தமக்கும் தொடர்பில்லை என்றும் கூறினார்கள்.

இந்தச் சம்பவத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மழை பெய்ததற்காக அந்த வியாபாரி கண்டிக்கப்படவில்லை. தானியம் நனைந்ததற்காகவும் கண்டிக்கப்படவில்லை. நனைந்ததைக் கீழே வைத்து உலர்ந்ததை மேலே பரப்பியதற்காகவே கண்டிக்கப்பட்டார். கப்பலில் கொள்கலன் கசிவது மழையில் தானியம் நனைவதைப் போன்றது. கடலில் அது நடக்கும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில வேளை நடக்கும். அதை மேலே எடுத்து வைக்காமல் கீழே மறைப்பதுதான் குற்றம்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்களது வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும், மறைத்தால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்ற கருத்தில் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரழி) அறிவிக்கும் நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளாகிறது என அல்குர்ஆனும் (2:283) எச்சரிக்கிறது. கடலில் நடப்பதற்குச் சாட்சிகள் மிகக் குறைவு. அங்கிருக்கும் ஒரு சிலர் வாய் மூடினால் கரையில் உள்ள இலட்சக்கணக்கானோர் குருடர்களாகிவிடுகிறார்கள். அதனால்தான் அந்தச் சாட்சியத்தின் கனம் அதிகம்.

கப்பல் பற்றிய நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அறிவிப்பது, புகாரியில் பதிவாகியுள்ளது. கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் மேல்தளத்தாருக்குத் தொல்லை கொடுக்காமல் தண்ணீர் எடுக்க, தமது பகுதியில் ஒரு துளையிட நினைக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டால் எல்லோரும் அழிவார்கள். தடுத்தால் எல்லோரும் தப்புவார்கள். துளையிட நினைத்தவர்களின் நோக்கம் கெட்டதாக இருக்கவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நல்ல நோக்கமோ, வேலை தடைப்படக் கூடாது என்ற அவசரமோ துளையை அடைத்துவிடாது. மேல்தளத்தில் இருந்தவர்களுக்கும் அங்கே ஒரு கடமை சுமத்தப்படுகிறது. கண்டவர் தடுக்க வேண்டும். அறிந்தவர் சொல்ல வேண்டும்.

கப்பல் பாதுகாப்பை ஆட்சியாளரின் கடமையாகப் பார்த்த மரபும் நமக்கு உண்டு. ஹிஜ்ரி 450இல் மரணித்த இமாம் மாவர்தீ அவர்கள் முஹ்தஸிப் எனும் கண்காணிப்பு அதிகாரியின் பணிகளைக் கூறும்போது, மூழ்கிவிடும் என அஞ்சும் அளவுக்குக் கப்பலில் சுமை ஏற்றுவதையும் கடும் காற்றில் பயணம் புறப்படுவதையும் அவர் தடுக்கலாம் எனக் குறிப்பிடுகிறார்கள். விபத்து நடந்த பின் தண்டிப்பதைவிட, நடக்கும் முன் தடுக்க அதிகாரம் வேண்டும் என்ற சிந்தனை அன்றே இருந்தது.

இலாபம் ஒருவருக்கு, இழப்பு இன்னொருவருக்கா?

தீர்ப்புக்குப் பின்னர் என்ன நடந்தது? எக்ஸ்-பிரஸ் ஃபீடர்ஸ் நிறுவனத்தின் தலைமை நிறைவேற்று அதிகாரி 2025 செப்டம்பரில் மன்னிப்புக் கோரினார். ஆனால் அந்த ஒரு பில்லியன் டொலரைச் செலுத்தப்போவதில்லை என்றும் அறிவித்தார். கடல் வணிகம் முழுவதும் பொறுப்புக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்ற அடிப்படையில் நடக்கிறது, இந்தத் தீர்ப்பு அந்த அடிப்படையைத் தகர்க்கிறது என்பது அவரது வாதம். சிதைவை அகற்றவும் கரையைச் சுத்தப்படுத்தவும் மீனவர்களுக்கு நட்டஈடு கொடுக்கவும் ஏற்கனவே 170 மில்லியன் டொலர் செலவிட்டதாகவும் நிறுவனம் கூறுகிறது. 2023 ஜூலையில் லண்டன் கடல்சார் நீதிமன்றம் இந்த விபத்துக்கான பொறுப்பை 19 மில்லியன் பவுண்டாக வரையறுத்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கம் ஒரு பில்லியன் டொலர். மறுபக்கம் 19 மில்லியன் பவுண்ட். ஒரே கப்பல், ஒரே கடல், ஒரே விபத்து. இந்த இரண்டு தொகைகளுக்கும் இடையிலான தூரத்தில்தான் நமது மீனவர்கள் நிற்கிறார்கள்.

உச்ச வரம்பு என்ற ஏற்பாடு முற்றாகத் தவறு என்று கூறிவிட முடியாது. அது இல்லாவிட்டால் காப்புறுதி கிடைக்காது. காப்புறுதி கிடைக்காவிட்டால் கப்பல்கள் வராது. அரிசி முதல் மருந்து வரை கப்பலில் இறக்கும் ஒரு தீவுக்கு அதன் விளைவு கடுமையாக இருக்கும். ஆனால் அந்த வரம்பு எதற்காக வந்தது? மனிதக் கட்டுப்பாட்டை மீறிய கடலின் ஆபத்துகளுக்காக. அறிந்தே செய்யும் மௌனத்துக்காக இல்லை. கடல்சார் உரிமைக் கோரல்களுக்கான பொறுப்பு வரையறைச் சமவாயம்கூட ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. சேதம் விளைவிக்கும் நோக்கத்துடனோ, சேதம் விளையக்கூடும் என அறிந்தும் பொருட்படுத்தாமலோ ஒருவர் தாமே செய்த செயலால் அல்லது செய்யத் தவறியதால் இழப்பு ஏற்பட்டால் வரம்பின் பாதுகாப்பு அவருக்கு இல்லை. இதை நிரூபிப்பது மிகக் கடினம் என்பதே பிரச்சினை. மின்னஞ்சல்களும் பதிவுகளும் காணாமல் போனால் அது இன்னும் கடினம்.

உஸ்மானிய ஆட்சியில் தொகுக்கப்பட்ட மஜல்லா சட்டக்கோவையில் இரண்டு விதிகள் இங்கே நமக்கு உதவும். ஒன்று, ஆதாயம் பெறுபவரே அதனுடன் வரும் இழப்பையும் சுமக்க வேண்டும் என்பது. மற்றது, தீங்கை நேரடியாகச் செய்தவர் வேண்டுமென்றே செய்யாவிட்டாலும் பொறுப்பாளி. தீங்குக்குக் காரணமாக அமைந்தவர் வேண்டுமென்றே செய்திருந்தால் மட்டுமே பொறுப்பாளி என்பது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நடுநிலை கிடைக்கிறது. எதிர்பாராத விபத்துக்கு வரம்பு இருக்கட்டும். அறிந்ததை மறைத்து அதனால் தீங்கு பெருகியது என நிரூபணமானால், கூலி வாங்கிய நிறுவனம் அந்த வரம்புக்குள் ஒளிந்துகொள்ள இடமளிக்கக் கூடாது. இது நமது கருத்து. சர்வதேசச் சட்டமும் காலப்போக்கில் இந்தத் திசையில் நகர வேண்டும்.

அரசும் ஒரு தரப்பே

இந்த வழக்கில் நீதிமன்றம் நிறுவனத்தோடு நிற்கவில்லை. அப்போதைய இராஜாங்க அமைச்சர் ஒருவரும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபையின் அப்போதைய தலைவரும் தமது கடமையில் தவறினார்கள் என்றும் கண்டது. மனுதாரர்களில் சுற்றாடல் அமைப்பும் மீனவர்களும் கொழும்புப் பேராயர் மெல்கம் ரஞ்சித் கர்தினாலும் இருந்தார்கள். மதத் தலைவர் ஒருவர் தனது மீனவ மக்களுக்காக நீதிமன்றம் ஏறியதை நாம் மதிக்கிறோம். பேருவளை, புத்தளம், கற்பிட்டி, மன்னார், கிழக்குக் கரை என மீன்பிடியை நம்பி வாழும் முஸ்லிம்கள் பல்லாயிரம் பேர் இருக்க, இத்தகைய விவகாரங்களில் நமது நிறுவனங்களின் குரல் ஏன் இவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்ற கேள்வியையும் நாம் நம்மிடமே கேட்க வேண்டும்.

அறிவிக்கும் கடமை கப்பலிலிருந்து அரசுக்கு வந்ததும் முடிந்துவிடுவதில்லை. அரசிலிருந்து மக்களுக்குச் செல்ல வேண்டிய இரண்டாவது அறிவிப்பு உண்டு. கடலில் என்ன இருக்கிறது, எந்தப் பகுதிக்குப் போகக் கூடாது, எந்த மீன் ஆபத்து, எது ஆபத்தில்லை என்பதை சிங்களத்திலும் தமிழிலும் உடனடியாகச் சொல்ல வேண்டும்.

அயல் நாட்டிலும் இதே கேள்வி எழுந்தது. 2025 மே 25ஆம் திகதி கொச்சிக்கு அப்பால் லைபீரியக் கொடியுடைய எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 கொள்கலன்களோடு மூழ்கியது. அதில் 13 கொள்கலன்களில் ஆபத்தான சரக்கும், 12இல் கல்சியம் கார்பைட்டும் இருந்தன. கப்பலில் இருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். ஆனால் கொள்கலன்களில் என்ன இருந்தது என்ற விபரத்தைப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் கூற வேண்டியிருந்தது. கேரள அரசு பின்னர் 9,531 கோடி ரூபா கோரி வழக்குத் தொடர்ந்தது. அந்தக் கப்பலின் பிளாஸ்டிக் துகள்கள் தனுஷ்கோடிக்கும், 2025 ஜூனில் நமது மன்னார் கரைக்கும் வந்து சேர்ந்தன. கடலில் எல்லைக் கோடு இல்லை. ஒருவரின் மௌனம் இன்னொருவரின் கரையில் ஒதுங்குகிறது.

நமது வியாபாரிகளுக்கு ஒரு சொல்

கப்பல் நிறுவனங்களைக் குறை கூறிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. இரசாயனங்கள், பற்றரிகள், சாயங்கள், வாசனைத் திரவியங்கள் என இறக்குமதி செய்யும் சகோதரர்கள் நம்மில் பலர். ஆபத்தான பொருளை ஆபத்தானது என்று அறிவித்தால் கட்டணம் கூடும், நடைமுறை நீளும். ஆகவே சாதாரணப் பொருள் என்று பத்திரத்தில் எழுதிவிடும் பழக்கம் உலகக் கப்பல் துறையின் பழைய நோய். கொள்கலன் தீ விபத்துகளுக்கான காரணங்களில் இதுவும் ஒன்று. உள்ளே இருப்பது தெரியாததால் எப்படி அணைப்பது என்பதும் கப்பல் ஊழியர்களுக்குத் தெரிவதில்லை. பொதியைத் தரக்குறைவாகக் கட்டுவதும் இதே வகைதான்.

அந்தப் பத்திரத்தில் இடும் கையெழுத்து ஒரு சாட்சியம். சில ஆயிரம் ரூபாவை மிச்சப்படுத்த அதில் பொய் எழுதுபவர், தான் ஒருபோதும் காணாத ஒரு மாலுமியின் உயிரைப் பணயம் வைக்கிறார். அந்த மாலுமி பிலிப்பைன்ஸ் நாட்டவராக இருக்கலாம், இந்தியராக இருக்கலாம், நமது ஊர்ப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

செய்ய வேண்டியவை

இந்த விவகாரத்தில் ஐந்து விடயங்களை நாம் வலியுறுத்துகிறோம்.

ஒன்று: இலங்கைக் கடற்பரப்புக்குள் வரும் ஒவ்வொரு கப்பலும், சரக்கில் ஏதேனும் கசிவு, வெப்பம், சேதம் உண்டா என்பதையும் முந்தைய துறைமுகம் எதுவும் அதை இறக்க மறுத்ததா என்பதையும் வருகைக்கு முன்னரே எழுத்தில் தெரிவிக்கும்படி சட்டம் தெளிவாக்கப்பட வேண்டும்.

இரண்டு: உள்ளூர் முகவர் தகவல் கிடைத்த உடனே அதை அதிகாரிகளுக்கு அனுப்பக் கடமைப்பட்டவர் என்பதும், பதிவுகளை அழிப்பது தனிக் குற்றம் என்பதும் சட்டத்தில் ஐயமின்றி இருக்க வேண்டும்.

மூன்று: நேர்மையாக, தாமதமின்றி அறிவிக்கும் கெப்டனுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். உண்மை சொன்னவரும் மறைத்தவரும் ஒரே கூண்டில் நின்றால் அடுத்தவர் வாய் திறக்க மாட்டார்.

நான்கு: ஆபத்தில் வரும் கப்பலை எங்கே நிறுத்துவது, யார் கையாள்வது என்ற திட்டமும் உபகரணங்களும் கொழும்பிலும் அம்பாந்தோட்டையிலும் திருகோணமலையிலும் தயாராக இருக்க வேண்டும். உலகின் மிகச் சுறுசுறுப்பான கப்பல் பாதைகளில் ஒன்று நமது தென் கரைக்கு அருகால் செல்கிறது. அடுத்த கப்பல் வருமா என்பது கேள்வி இல்லை. வரும்போது நாம் எந்த நிலையில் இருப்போம் என்பதே கேள்வி.

ஐந்து: நட்டஈடாக எவ்வளவு கிடைத்தாலும் அது பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களைச் சென்றடையும் வழி வெளிப்படையாக இருக்க வேண்டும். கப்பல் நிறுவனத்திடம் வெளிப்படைத்தன்மை கேட்கும் நாடு தனது கணக்கையும் வெளிப்படையாக வைக்கக் கடமைப்பட்டது.

சட்டங்கள் எழுதப்பட்டுவிட்டால் மட்டும் உண்மை வெளிவந்துவிடாது. மார்போலும் சோலாஸும் 2021இலும் இருந்தன. கசிவைக் கண்டவரிடமும், மின்னஞ்சலைப் படித்தவரிடமும், பத்திரத்தில் கையெழுத்திட்டவரிடமும், கோப்பைப் பெற்ற அதிகாரியிடமும் தக்வா இருக்க வேண்டும். யாரும் பார்க்காத நடுக்கடலிலும் அல்லாஹ் பார்க்கிறான் என்ற உணர்வுக்கு மாற்றாக எந்த விதிமுறையும் இல்லை. அதேவேளை, அந்த உணர்வு இல்லாதவர்களிடமிருந்து எளியவர்களைக் காக்கத்தான் சட்டமும் நீதிமன்றமும் இருக்கின்றன. இரண்டில் ஒன்று போதும் என்று இருந்துவிட முடியாது.

தரையிலும் கடலிலும் மனிதக் கரங்கள் தேடிக்கொண்டவற்றால் சீர்கேடு தோன்றிவிட்டது என அல்குர்ஆன் (30:41) கூறுவது, மனிதர்கள் திரும்பி வரக்கூடும் என்பதற்காகவே. கடலை நம்பி வாழும் மக்களின் வாழ்வாதாரத்தை அல்லாஹ் பாதுகாப்பானாக! பாதிக்கப்பட்டோருக்குரிய உரிமை அவர்களது கரங்களைச் சென்றடையச் செய்வானாக! அறிந்த உண்மையை உரிய நேரத்தில் சொல்லும் துணிவை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.